பலூன் துப்பாக்கிக்கு வாஷர் போடுவது

"இன்னாண்ணே, குண்டு பலூன் மேல பட்டு கீய வியுது, வெடிக்க மாட்டேங்குது. நல்லா ஹெவியா ஒரு ஸ்பிரிங் போட்டுக் குடு."

திருவொற்றியூர் மாசி உற்சவம், பெரம்பூர் லூர்து மாதா திருவிழா என்று பலூன் கடை போடுகிறவர்கள் ஏர் கன்னைச் சாக்கில் சுற்றி எடுத்துவரும்போது சொல்வது பெரும்பாலும் இதுதான். பழி எப்போதும் ஸ்பிரிங் மேல். தெருவில் இருக்கிற அடி பம்பில் தண்ணீர் ஏறவில்லை என்றால் யாரும் கைப்பிடியை மாற்றுவதில்லை, உள்ளே பக்கெட் வாஷர் தேய்ந்துவிட்டதா என்றுதான் பார்ப்போம். ஏர் கன்னும் ஒரு பம்புதான். காற்று ஒழுகும் துப்பாக்கிக்குப் பெரிய ஸ்பிரிங் போடுவது, ஓட்டைக் குடத்துக்குப் பெரிய குழாய் வைப்பது போல.

குழலை மடக்கும்போது லீவர் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளி ஸ்பிரிங்கை நெருக்குகிறது. டிரிகர் கொக்கி பிஸ்டனைப் பிடித்துக்கொள்கிறது. டிரிகரை இழுத்தால் பிஸ்டன் முன்னால் பாய்ந்து, சிலிண்டரில் இருக்கும் காற்றை நெருக்கி, மூன்று மில்லிமீட்டர் சொச்சம் விட்டமுள்ள ஒரு துளை வழியாகக் குழலுக்குள் தள்ளுகிறது. குண்டை நகர்த்துவது அந்தக் காற்று. அது வீணாக வெளியேற முக்கியமாக இரண்டே இடங்கள்: பிஸ்டன் தலையில் இருக்கும் வாஷர், குழலும் சிலிண்டரும் சேரும் வாயில் இருக்கும் வாஷர்.

எது போயிருக்கிறது என்று பிரிக்காமலே கண்டுபிடிக்கலாம். மெல்லிய டிஷ்யூ பேப்பரை ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து, குழல் சேரும் வாய்க்கு மேல் லேசாகப் போட்டுவிட்டு, குண்டு போட்டு மணல் மூட்டையில் சுடுங்கள். பேப்பர் துள்ளினால் வாய் வாஷர் ஒழுகுகிறது. பேப்பர் அசையாமல், குண்டின் அடியும் சவசவவென்று இருந்தால் பிஸ்டன் வாஷர். அப்போது சத்தமும் மாறியிருக்கும். நல்ல துப்பாக்கி 'டப்' என்று மூடியது போல ஒலிக்கும். வாஷர் போனது 'டங்' என்று இரும்பில் இரும்பு மோதும். முன்னால் காற்று மெத்தை இல்லாததால் பிஸ்டன் நேராக சிலிண்டர் சுவரில் போய் இடிக்கிறது. ஸ்பிரிங் உடைந்திருந்தால் அது கையிலேயே தெரியும்: மடக்கும்போது நடுவில் 'கரக் கரக்' என்று உரசும், பாதி தூரம் கனமே இருக்காது. மடக்கும் கனம் பழையபடியே இருந்து அடி மட்டும் குறைந்திருக்கிறது என்றால் ஸ்பிரிங்கைத் தொடவே வேண்டாம்.

வாய் வாஷர் சின்ன வேலை. தையல் ஊசியால் பழையதைக் கிளறி எடுங்கள். வெர்னியர் காலிப்பரில் பள்ளத்தின் வெளி விட்டம், உள் விட்டம், ஆழம் மூன்றையும் அளந்துகொண்டு சென்னை பிராட்வே வட்டாரத்தில் ஆயில் சீல், ஓ ரிங் விற்கும் எந்தக் கடையில் கேட்டாலும் நைட்ரைல் ரப்பரில் கிடைக்கும். பழைய வாஷரையே கொண்டுபோய் "இதே சைஸ்" என்று கேட்காதீர்கள், அது நசுங்கி அளவு மாறியிருக்கும். புதியது பள்ளத்துக்கு மேல் கால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத் தலை நீட்ட வேண்டும். அதிகம் நீட்டினால் குழல் பூட்டாது. அழுத்திப் பூட்டினால் இரண்டு வாரத்தில் நசுங்கும். குறைவாக இருந்தால் அடியில் பால் கவரை வளையமாக வெட்டி ஒன்றிரண்டு போட்டு உயர்த்தலாம். பேப்பர் போட்டால் எண்ணெயில் ஊறிக் கூழாகிவிடும்.

பிஸ்டன் வாஷருக்குப் போகும் முன் சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 0.177 அங்குலம், அதாவது 4.5 மி.மீ. துளைக்கும், 20 ஜூல் ஆற்றலுக்கும் மேல் போகாத ஏர் கன்னுக்குத்தான் உரிமம் வேண்டாம். பெரிய ஸ்பிரிங், அகலமாகக் குடைந்த துளை என்று போனால் என்றைக்கு அந்தக் கோட்டைத் தாண்டினோம் என்பதே தெரியாது. "இதே குழல்ல மருந்து கெட்டிச்சு நாட்டுத் துப்பாக்கி மாதிரி பண்ண முடியுமா" என்று கேட்கிறவர்களும் உண்டு. ஏர் கன் குழலும் அதன் பூட்டும் வெடிமருந்தின் அழுத்தத்துக்குச் செய்யப்பட்டதே அல்ல. வெடித்தால் பிடித்திருக்கும் கையும் அணைத்திருக்கும் கன்னமும்தான் முதலில் போகும். உரிமம் இல்லாமல் துப்பாக்கி தயாரித்தால் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில், 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது ஏழு ஆண்டு சிறை, கூடினால் ஆயுள். உரிமம் உள்ள ஒரு வகைத் துப்பாக்கியை வேறு வகையாக மாற்றுவதும் தனி அனுமதி இல்லாமல் கூடாது. ஏர் கன் வைத்துக்கொண்டு கொக்கு, கிளி, மைனா பக்கம் திருப்பினாலும் 1972 வன உயிரின பாதுகாப்புச் சட்டம் அதை வேட்டை என்றே எடுத்துக்கொள்ளும். பலூனும் பேப்பர் அட்டையும் போதும்.

இனி பிரிப்பது. முதலில் குழலை மடக்கி, குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். குண்டு சிக்கியிருந்தால் கம்பி விட்டுத் தள்ளி எடுத்துவிட்டு, ஸ்பிரிங் தளர்ந்த நிலையில்தான் வேலையை ஆரம்பிக்க வேண்டும். கட்டையின் முன்பக்கம் இரண்டு திருகு, டிரிகர் வளையத்தில் ஒன்றோ இரண்டோ இருக்கும். கழற்றினால் இரும்புப் பகுதி தனியாக வந்துவிடும். திருகுகளைக் கலக்காதீர்கள்; ஒரு அட்டையில் துப்பாக்கியின் படம் கிறுக்கி, எது எங்கிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். நீளமான திருகை மாற்றிப் போட்டால் பிஸ்டன் ஓடும் பாதையில் நீட்டிக்கொண்டு கோடு போட்டுவிடும்.

அடிபடுவது அடுத்த கட்டத்தில்தான். ஸ்பிரிங் 'தளர்ந்த' நிலையிலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நெருக்கப்பட்டுத்தான் உள்ளே இருக்கிறது. பின்மூடியைப் பிடித்திருக்கும் குறுக்குப் பின்னை (ஊசியை) சும்மா தட்டி எடுத்தால் மூடி, ஸ்பிரிங், அதற்குள் இருக்கும் கைடு மூன்றும் சேர்ந்து பாயும். மார்பில் துப்பாக்கியைச் சாய்த்துக்கொண்டு பின் தட்டுகிற பழக்கம் பட்டறைகளில் இருக்கிறது. தாடை உடைய அது போதும். தச்சர்கள் வைத்திருக்கும் பார் கிளாம்ப், நான்கடி நீளத்தில், ஒன்று போதும். ஒரு முனையில் பழைய துணி சுற்றி குழல் வாயை வைத்து, மறுமுனையில் பின்மூடிக்கு ஏற்றபடி குடைந்த மரத்துண்டை வைத்து, குறுக்குப் பின் மேல் கனம் இல்லாத அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். அந்தப் பின், விரலால் தள்ளினாலே நகரும். வெளியே எடுத்துவிட்டு, கிளாம்ப்பை முழுக்கத் தளர்த்தும் வரை முகம் அந்த நேர்க்கோட்டில் இருக்கக் கூடாது. சில மாடல்களில் பின்மூடி மரை போட்டு இருக்கும். அங்கும் கடைசி மரையில்தான் பாயும், அதனால் அதற்கும் கிளாம்ப் வேண்டும்.

ஸ்பிரிங் வெளியே வந்த பிறகு லீவரைக் கழற்றினால் பிஸ்டன் வழுக்கிக்கொண்டு வரும். அதன் தலையில் ஒரு திருகு, ஒரு பித்தளைத் தட்டு, அதற்குக் கீழே கருகி, ஓரம் கிழிந்து, கல்லாகிப்போன ஒரு தோல் கிண்ணம். பிரச்சினை அதுதான்.

அதற்குப் பதில் என்ன போடுவது? சைக்கிள் பம்பு வாஷர், மண்ணெண்ணெய் ஸ்டவ் வாஷர் என்று கையில் கிடைத்ததைப் போடுவார்கள். இரண்டும் மெலிசு, மென்மை. பம்பில் கை மெதுவாகத் தள்ளுவதற்குச் செய்தவை. ஏர் கன்னில் அதே பயணம் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு அளவில் முடிகிறது. ஒரு திருவிழா கூடத் தாங்காது. ஹைட்ராலிக் ஜாக்கில் வரும் யு வடிவ சீலும் சரியில்லை. அதன் வாய்க்குள் இருக்கும் குழியில் காற்று தங்கிவிடும். குண்டுக்குப் போக வேண்டிய காற்று சீலுக்குள் அடங்கி நின்றுவிடுகிறது, அவ்வளவுதான்.

தோலிலேயே செய்வதுதான் பலூன் கடை துப்பாக்கிக்கு நல்லது. பெரியமேட்டில் துண்டுத் தோல் கிடைக்கும். குரோம் உப்பில் பதனிட்ட தோல் வேண்டாம். அது இழுக்கும், மடியும், ஆனால் கிண்ண வடிவத்தில் நிற்காது. செருப்பு அடிக்குப் போடுகிற, மரப்பட்டையில் பதனிட்ட பட்டைத் தோல், மூன்று மி.மீ. தடிமனில், வயிற்றுப் பகுதி தவிர்த்து முதுகுப் பகுதியாகக் கேளுங்கள். விரலால் வளைத்தால் மேல்தோல் வெடிக்காமல் வளைய வேண்டும்.

பரவலாகக் கிடைக்கும் மாடல்கள் பலவற்றில் சிலிண்டர் உள் விட்டம் 25 மி.மீ. பக்கம் வரும், ஆனால் வெர்னியரில் அளக்காமல் எதையும் வெட்டாதீர்கள். 25 என்றே வைத்துக்கொள்வோம். கிண்ணத்தின் ஓரம் ஆறு மி.மீ. உயரம் வேண்டும் என்றால் வட்டத்தை 35 மி.மீ. விட்டத்தில் வெட்டுங்கள். நடுவில் திருகுக்கு ஓட்டை. அச்சு மிக எளிது: 19 மி.மீ., அதாவது முக்கால் அங்குல இரும்புக் கம்பித் துண்டு ஒன்று, நுனியின் விளிம்பை லேசாக உருட்டியது, 25.4 மி.மீ. உள் விட்டத்தில் லேத்தில் கடைந்த ஒரு வளையம். கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் எந்த லேத் பட்டறையிலும் இது சின்ன வேலை. வளையத்தின் வாயையும் உருட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் அழுத்தும்போது தோலை அது வட்டமாக நறுக்கிவிடும்.

வட்டத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வையுங்கள். கொதிக்கிற தண்ணீரில் போட்டவர்கள் அப்பளம் போலச் சுருண்டு விறைத்ததைத்தான் எடுத்திருக்கிறார்கள். குளிக்கிற சூடு போதும். ஊறிய தோலை வளையத்தின் மேல் நடுவாக வைத்து, கம்பியை மேலே நிறுத்தி, வைஸில் மெதுவாக நெருக்குங்கள். ஒரே மூச்சில் இறக்கினால் ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் வரும். கால் சுற்று, கொஞ்சம் நிறுத்தம், மறுபடி கால் சுற்று. அச்சிலேயே ஒரு நாள், வெளியே எடுத்து நிழலில் இரண்டு நாள். ஐப்பசி கார்த்திகையில் நான்கு நாள்கூட ஆகும். வெயிலில் வைத்தால் ஓரம் அலையலையாகக் கோணும்.

காய்ந்ததும் அது கொஞ்சம் சுருங்கி 25-ஐ ஒட்டி நிற்கும். ஓரத்தை புது பிளேடால் ஒரே உயரத்துக்குச் சீவுங்கள். ஒரு இடத்தில் அரை மி.மீ. தாழ்ந்தாலும் காற்று அந்த வழியைக் கண்டுபிடித்துக்கொள்ளும். பிறகு விளக்கெண்ணெயில் ஒரு ராத்திரி. காலையில் எடுத்து, பருத்தித் துணியில் பொதிந்து, வைஸில் தட்டையாகாமல் லேசாக அழுத்திப் பிழிந்து, எண்ணெய் சொட்டாத பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். தொட்டால் விரல் மினுங்க வேண்டும், நனையக் கூடாது. விளக்கெண்ணெய் நாளாக நாளாகப் பிசுபிசுத்துக் கெட்டியாகும் என்பது உண்மை. வருடத்துக்கு ஒருமுறை பிரித்து மண்ணெண்ணெயில் கழுவி மறுபடி ஊற வைப்பதற்குத் தயாராக இருங்கள்.

பிஸ்டனில் மாட்டும்போது கிண்ணத்தின் வாய் முன்னால் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் காற்று ஓரத்தை விரிப்பதற்குப் பதில் சுருக்கிவிடும். கிண்ணத்தின் குழிக்குள் பித்தளைத் தட்டு போக மிச்சமிருக்கும் இடத்தைத் தோல் வட்டமோ நைலான் வட்டமோ போட்டு நிரப்புங்கள். யு சீல் பற்றிச் சொன்ன அதே காரணம்தான். திருகின் தலை கிண்ண ஓரத்துக்கு மேல் நீட்டவே கூடாது. மரையில் ஒரு சொட்டு திரெட் லாக்கர் பசை விடுங்கள். இந்தத் திருகு கழன்று, சிலிண்டர் முன்சுவரில் மாறி மாறி இடித்து, காற்றுத் துளையின் வாயையே சப்பையாக்கிய துப்பாக்கிகள் உண்டு. அதற்கு மேல் அந்த சிலிண்டருக்கு வைத்தியம் கிடையாது.

வீட்டில் அட்டை வைத்துப் பழகுகிறவர், துப்பாக்கியும் சிலிண்டரும் நல்ல நிலையில் இருக்கிறது என்றால் பாலியூரிதேன் வாஷர் போடலாம். 90 ஷோர் கடினத்தில் ராடு வாங்கி லேத்தில் கடைய வேண்டும். ரப்பர் மாதிரி நழுவும் சரக்கு இது. ஃப்ரீசரில் சில மணி நேரம் வைத்து, சவரக் கத்தி போலத் தீட்டிய டூலில் கடைந்தால்தான் முகம் வழவழப்பாக வரும். சிலிண்டரை விட இரண்டு பாயிண்ட், அதாவது 0.2 மி.மீ. அதிகமாகக் கடைந்துகொண்டு, 400 நம்பர் உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவாருங்கள். காய்ந்த நிலையில் கட்டைவிரலால் அழுத்தித் தள்ளினால் சீராக நகர வேண்டும். தானாக வழுக்கி விழுந்தால் தூக்கிப் போடுங்கள். சுத்தியால் தட்ட வேண்டியிருந்தால் இன்னும் தேயுங்கள். இறுக்கமான வாஷர் பிஸ்டனின் வேகத்தைத் தின்றுவிடும். தோல், சொரசொரப்பான சிலிண்டரையும் வெறும் அடியையும் பொறுத்துக்கொள்ளும். பாலியூரிதேன் இரண்டையும் பொறுக்காது. பலூன் கடையில் குண்டு போட மறந்து சுடுவது நாள் முழுக்க நடக்கும், அதனால் அங்கே தோல்தான்.

எந்த வாஷர் போட்டாலும் அதைக் கெடுக்கிற ஒரு இடம் சிலிண்டரிலேயே இருக்கிறது. லீவர் போய்வர அடிப்பக்கம் நீளமாக வெட்டியிருக்கிறார்களே, அந்தப் பள்ளத்தின் உள் விளிம்பு. பல துப்பாக்கிகளில் தொழிற்சாலை விட்ட பிசிறு அப்படியே இருக்கும், பிளேடு மாதிரி. புது வாஷர் அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். மூன்று நாள் உட்கார்ந்து செய்த வாஷரின் ஓரத்தில் ஒரு நூல் நீளத்துக்கு வெட்டு விழும், வெளியே தெரியாது. மாட்டிச் சுட்டுப் பார்த்தால் அடி பழையபடியே. 'வாஷர் மாத்தியும் பிரயோஜனம் இல்ல' என்று ஸ்பிரிங் தேடிப் போவது இங்கேதான் ஆரம்பிக்கும். நீடில் அரத்தால் உள்பக்க விளிம்பு முழுக்க லேசாக உருட்டி, மேலே எமரி ஷீட் ஓட்டி, காது குடையும் பஞ்சை விளிம்பில் இழுத்துப் பாருங்கள். பஞ்சு எங்கேயும் மாட்டக் கூடாது. குறுக்குப் பின் செருகும் ஓட்டைகளின் உள்வாயையும் அப்படியே. வாஷரை உள்ளே விடும்போது பழைய எக்ஸ்ரே ஃபிலிமைக் குழலாகச் சுருட்டிப் பள்ளத்தை மறைத்து, அதற்குள் விட்டுத் தள்ளிவிட்டு ஃபிலிமை உருவிவிட்டால் இன்னும் பத்திரம்.

சிலிண்டரின் உள்சுவரில் துரு, கோடு இருந்தால் மரக் கம்பியில் 400 நம்பர் எமரியைச் சுற்றி, முன்னும் பின்னும் இழுக்காமல், சுழற்றிக்கொண்டே இழுங்கள். குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் விழ வேண்டும், அவை எண்ணெயைப் பிடித்து வைக்கும். கண்ணாடி போலப் பாலிஷ் செய்வது நன்மை இல்லை. முடிந்ததும் மண்ணெண்ணெய் நனைத்த துணியால், துணி வெள்ளையாகவே வெளியே வரும்வரை துடைக்க வேண்டும். எமரித் தூள் ஒரு சிட்டிகை உள்ளே தங்கினால் வாஷரே அரம் ஆகிவிடும்.

எண்ணெய் விஷயத்தில் செய்யப்படும் தப்புதான் எல்லாவற்றிலும் அதிகம். அடி குறைந்தது என்றதும் காற்றுத் துளையில் தையல் மெஷின் எண்ணெய் நாலு சொட்டு விட்டுச் சுடுவார்கள். 'படார்' என்று சத்தம், வாயில் புகை, குண்டு பலகைக்குள் ஆழமாக ஏறும். துப்பாக்கி சரியாகிவிட்டது என்று சந்தோஷப்படுவார்கள். நடந்தது வேறு. நெருக்கப்பட்ட காற்று ஒரு கணத்தில் பல நூறு டிகிரிக்குச் சூடேறி, எண்ணெய் ஆவி டீசல் என்ஜினில் பற்றுவது போலப் பற்றிக்கொண்டது. அந்த வெடி பிஸ்டனைப் பின்னால் உதைக்கும். ஸ்பிரிங் சுருள் உடைவது, வாஷர் கருகுவது, பாலியூரிதேன் உருகுவது எல்லாம் இதனால்தான். தேங்காய் எண்ணெயும் இதே வேலையைச் செய்யும், கூடவே சிக்குவாடை இலவசம். பிஸ்டனுக்கு முன்னால் பெட்ரோலியம் எண்ணெய் எதுவும் போகக் கூடாது. தோல் வாஷர் வறண்டால் சிலிகான் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு, துப்பாக்கியை ஒரு ராத்திரி நிமிர்த்தி வைத்துவிட்டு மறுநாள் சுட வேண்டும். புது தோல் வாஷரில் முதல் இருபது குண்டுக்கு லேசாகப் புகை வருவது இயல்பு. அதற்கு மேலும் வந்தால் எண்ணெய் அதிகம், பிரித்துப் பிழியுங்கள்.

பிஸ்டனின் பின்பகுதிக்கும் ஸ்பிரிங்குக்கும் மாலிப்டினம் கிரீஸ். அளவு: ஸ்பிரிங் முழுக்க ஒரு மொச்சைக்கொட்டை, பிஸ்டன் பின்விளிம்புக்கு ஒரு பட்டாணி, டிரிகர் கொக்கி முனைக்கு ஒரு கடுகு. அள்ளிப் பூசினால் ஒவ்வொரு அடியிலும் சிதறி முன்னால் போய்ச் சேரும், பிறகு மேலே சொன்ன டீசல் கதைதான்.

ஸ்பிரிங்கைத் திருப்பிப் போடும் முன் தரையில் உருட்டுங்கள். நேராக உருண்டால் நல்லது. நொண்டினால் வளைந்திருக்கிறது, மாற்றுங்கள். மாற்றுவதென்றால் அதே கம்பித் தடிமன், அதே வெளி விட்டம், அதே சுருள் எண்ணிக்கை. கனமான ஸ்பிரிங் போட்டால் பிஸ்டன் காற்று மெத்தையில் பந்து போல மோதித் திரும்பும், குண்டு வெளியே போகும் முன்பே துப்பாக்கி குலுங்கிவிடும். மடக்குவது கஷ்டம், குறி மோசம், வாஷருக்கு ஆயுசு பாதி. இதில் லாபம் எங்கே?

எல்லாம் மாட்டியாகிவிட்டது, வேகத்தை எப்படிப் பார்ப்பது? க்ரோனோகிராஃப் வாங்க வேண்டியதில்லை, செல்போன் போதும். துப்பாக்கி வாயிலிருந்து பத்து மீட்டரில் இலக்கு. சரியாக நடுவில், ஐந்து மீட்டரில், சுடும் கோட்டிலிருந்து ஒரு மீட்டர் பக்கவாட்டில் போனை வைத்து சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். நடுவில் வைப்பதில்தான் சூட்சுமம்: சுட்ட சத்தமும் பட்ட சத்தமும் ஒரே தூரம் பயணிப்பதால் இரண்டுக்கும் தாமதம் சமம், கழிந்துவிடும். பதிவை ஆடியோ எடிட்டரில் திறந்து இரண்டு முகடுகளுக்கும் இடையிலான நேரத்தைப் பாருங்கள். 0.062 நொடி என்றால் 10 வகுத்தல் 0.062, நொடிக்கு 161 மீட்டர் சராசரி வேகம். குண்டு 8.2 கிரெயின் என்று டப்பாவில் போட்டிருந்தால் அது 0.53 கிராம். ஆற்றல், எடையை கிலோவில் வைத்து வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கிப் பாதி: சுமார் 6.9 ஜூல். பலூனுக்கு இது தாராளம். அதே குண்டு 20 ஜூலைத் தொட நொடிக்கு 275 மீட்டர் வேண்டும். பத்துக் குண்டு சுட்டு எழுதி வையுங்கள். சராசரியை விட ஏற்ற இறக்கம்தான் முக்கியம். ஒன்று 150, அடுத்தது 170 என்று குதித்தால் வாஷர் இன்னும் உட்காரவில்லை, அல்லது எண்ணெய் எரிகிறது.

இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். இங்கே மொட்டை மாடிக்கும் மொட்டை மாடிக்கும் இடையில் ஒரு கை தூரம்தான், 0.177 குண்டோ சில நூறு மீட்டர் போகக்கூடியது. அரிசி சாக்கில் மணல் நிரப்பி, முன்னால் பழைய துணி திணித்த அட்டைப்பெட்டி வைத்தால் குண்டு அதற்குள்ளேயே தங்கும். தகரம், செங்கல், தேக்குப் பலகை எதுவும் கூடாது, திரும்பி வரும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். குண்டு ஈயம், சுட்ட கையோடு பஜ்ஜி எடுக்காதீர்கள்.

வாஷர் சரியான பிறகும் குறி தவறினால் குழலின் வாயைப் பாருங்கள். துப்பாக்கியைத் தலைகீழாகச் சிமெண்ட் தரையில் ஊன்றி ஊன்றி அந்த விளிம்பு ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். உருண்டைத் தலைப் பித்தளைத் திருகு ஒன்றைக் கை டிரில்லில் மாட்டி, தலையில் வால்வ் கிரைண்டிங் பேஸ்ட் தடவி, வாயில் வைத்து மெதுவாக, மணிக்கட்டைச் சுற்றிச் சுற்றி ஆட்டிக்கொண்டே ஓட்டினால் வட்டம் சீராகும். குழலுக்குள் பேஸ்ட் போகாமல் முதலிலேயே துணி அடைத்து வையுங்கள். (பலூன் கடையில் குறி பார்க்கும் சைட்டே நேராக இருக்காது, அது வேறு விஷயம். அதைச் சரிசெய்யச் சொல்லி எந்தக் கடைக்காரரும் கேட்டதில்லை.)

குண்டுகள் எல்லாம் மேலேயே போய் விழுந்தால் குழல் வளைந்திருக்கிறது. மடக்கிய நிலையில் யாராவது டிரிகரைத் தொட்டிருப்பார்கள், குழல் அறைந்து மூடியிருக்கும். குண்டு போடும் நேரம் முழுக்க ஒரு கை குழலைப் பிடித்தே இருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். வளைந்த குழலை நிமிர்த்தலாம், போன விரல் வராது. கடையில் கூட்டம் நிற்கும்போது குண்டு போடுவதைப் பையன்களிடம் விடாதீர்கள்.

காசிமேடு, எண்ணூர் பக்கம் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. உப்புக் காற்றில் நீலம் போட்ட இரும்பு மிகச் சீக்கிரம் சிவக்கும், அதுவும் வேர்வைக் கை பட்ட இடத்தில். இரவு கடை கட்டியதும் எண்ணெய்த் துணியால் வெளியே ஒரு துடை, குழலுக்குள் நைலான் கயிற்றில் கட்டிய துணியை ஒருமுறை இழுத்து விடுங்கள். ஸ்பிரிங்கைத் தளர்த்தி வையுங்கள். மடக்கிய நிலையில் ராத்திரி முழுக்கக் கிடந்தால் அது குட்டையாகிவிடும். வாங்கும்போது கொடுத்த ரெக்சின் உறை தூக்கிப் போவதற்கு மட்டும். அதற்குள்ளேயே வைத்திருந்தால் மழைக்காலம் முடியும்போது உள்ளே தோல் வாஷரில் பூஞ்சையும், வெளியே உறையின் தையல் தடம் அப்படியே துருவாகவும் பதிந்திருக்கும். பழைய வேட்டியில் சுற்றி, பரணில் நிமிர்த்தி வையுங்கள்.